கதை படித்து அழுவது துரோகமா?

கேள்வி:

எனக்கு 36 வயது. திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு குழந்தைகள், வேலைக்கும் போகிறேன். ஓராண்டாக, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனில் காதல் தொடர்கதைகள் படிக்கிறேன். ஒரே ஒரு அத்தியாயம் என்று தொடங்கினால் மணி ஒன்றைத் தாண்டிவிடுகிறது. சில இடங்களில் நெஞ்சு படபடக்கிறது, உடம்பும் என் வசத்தில் இருப்பதில்லை. சில பாட்டுகளைக் கேட்டால் காரணமே இல்லாமல் கண்ணீர் வருகிறது. அதில் ஒரு பாட்டு, கல்லூரி நாள்களில் நான் விரும்பிய ஒருவரை ஞாபகப்படுத்துகிறது. மறுநாள் காலை கணவர் முகத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. அவர் நல்லவர். குடி இல்லை, சந்தேகம் இல்லை. ஆனால் "சாப்பிட்டாச்சா, பிள்ளைங்க தூங்கியாச்சா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஒருநாள் நான் கதை படித்து அழுததைப் பார்த்து, "கதைக்குப் போய் யாராவது அழுவாங்களா" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இது மனநோயா? கணவருக்கு நான் செய்யும் துரோகமா? எல்லாவற்றையும் நிறுத்திவிடவா? ஒரு கதையில் ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஹீரோயின் எப்போதோ தன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தியிருப்பாள். பல மாதம் கழித்து ஹீரோ அதை ஞாபகம் வைத்திருந்து, "அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்ன அது?" என்று கேட்பான். அவ்வளவுதான் காட்சி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் இரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்களை அதிகம் வதைப்பவை அவைதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இது மனநோய் இல்லை. துரோகமும் இல்லை. எழுத்தாளர் உருவாக்கிய ஓர் ஆளை நினைத்து மனம் நெகிழ்வதால் நீங்கள் யாருக்கும் கொடுத்த வாக்கை மீறவில்லை. "நிறுத்திவிடவா" என்ற மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பாட்டிலிருந்து தொடங்குகிறேன். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பிளட், ராபர்ட் சடோரே இருவரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்குமோ அந்த இசையை அவரவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைக் கேட்கும்போது அவர்கள் மூளையில் நடப்பதைப் படமெடுத்தார்கள். சிலிர்ப்பு கூடக்கூட இதயத் துடிப்பும் மூச்சும் மாறின. உணவும் உடலுறவும் தரும் இன்பத்தில் பங்குகொள்ளும் அதே மூளைப் பகுதிகள் வெறும் இசைக்கும் விழித்துக்கொண்டன. பத்தாண்டு கழித்து, 2011இல், அதே பல்கலைக்கழகத்திலிருந்து வலோரி சலிம்பூரும் உடன் பணியாற்றியவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். டோபமின் என்ற வேதிப்பொருள், பாட்டின் உச்சம் வரும்போது மட்டும் சுரப்பதில்லை. "இதோ வரப்போகிறது" என்று மனம் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது.

உங்கள் படபடப்பு இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. நூறு முறை கேட்ட பாட்டில்கூட, குரல் எந்த இடத்தில் உயரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அந்த இடத்துக்கு முன்பே கண் கலங்குகிறது. அந்தக் கண்ணீரைத் துக்கம் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். சோகப் பாட்டை மனிதர்கள் ஏன் தேடிப்போய்க் கேட்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், அதில் கிடைக்கும் சுகத்துக்குப் பெரிய காரணம் மனம் நெகிழ்வதுதான் என்கிறார்கள். நெகிழ்ச்சிக்கும் கண்ணீர்தான் வெளியேறும் வழி.

கல்லூரி நாள்களில் விரும்பியவரைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். குற்ற உணர்வில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை, கேட்டவை மற்ற எந்த வயதைவிடவும் ஆழமாக மனத்தில் பதிகின்றன. நினைவாற்றலை ஆராய்பவர்கள் இதைப் பலமுறை உறுதி செய்திருக்கிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டு ஒரு முகத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அடுத்தமுறை அது ஒலிக்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். அவர் முகம் வருகிறதா, அல்லது நீங்கள் உட்கார்ந்திருந்த இடம், பக்கத்தில் இருந்த தோழி, அன்றைக்கு உங்களிடம் இருந்த நேரம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஒரு மாலை, இவை வருகின்றனவா? என்னிடம் இதைச் சொன்ன பலருக்கும் அந்த ஆள் பின்னால் எங்கோ மங்கலாகத்தான் நிற்கிறார். பாட்டு உங்களிடம் கொண்டுவருவது இருபது வயதில் நீங்கள் இருந்த நிலையை. அதற்காக ஏங்குவதில் யாருக்கும் அநியாயம் இல்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பாட்டைக் கேட்டுவிட்டு, நள்ளிரவில், அவர் பெயரைப் போனில் தேடாதீர்கள். அந்த நேரத்துத் தேடல் அடுத்த நாள் ஒரு செய்தி அனுப்புவதில் போய் முடியலாம். அப்போது பாட்டும் கதையும் இதில் ஒரு பொருட்டாகவே இருக்காது, நிஜமான மனிதர்கள் நடுவில் வந்துவிடுவார்கள்.

உடம்பு வசத்தில் இல்லை என்று எழுதியதற்கும் வெட்கப்பட வேண்டாம். ஆசை என்பது பசிபோலத் தானாக வர வேண்டும், வராவிட்டால் ஏதோ குறை என்று நிறையப் பெண்கள் நம்புகிறார்கள். ரோஸ்மேரி பாசன் என்ற கனடா மருத்துவர் 2000ஆம் ஆண்டு இதற்கு வேறொரு விளக்கம் சொன்னார். பல ஆண்டுகளாக ஒருவரோடு வாழும் பெண்களில் பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை. ஒரு நெருக்கம், ஒரு சொல், ஒரு சூழல் முதலில் அமைந்து, அதற்குப் பதிலாகத்தான் ஆசை எழுகிறது. உங்களுக்கு அந்தச் சொல்லும் சூழலும் இப்போது கதையிலிருந்து கிடைக்கின்றன. உங்கள் உடல் நன்றாகத்தான் இருக்கிறது. அதை எழுப்பும் பேச்சுதான் வீட்டுக்குள் குறைந்துபோயிருக்கிறது.

இனி அந்தக் காலை எரிச்சல். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

அகப் பாடல்களில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. பெயர் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்தத் தலைவியின் இடத்தில் நின்று தன் ஏக்கத்தைப் பாடலாம். இன்றைய ஹீரோயினுக்குப் பெயரும் ஊரும் உண்டு, ஆனாலும் நீங்கள் அவள் இடத்தில்தான் போய் நிற்கிறீர்கள். மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கதைக்குள் எவ்வளவு ஆழமாகப் போகிறோமோ, அவ்வளவுக்கு அந்தக் கதைக்கு இசைவான எண்ணங்களோடு வெளியே வருகிறோம் என்று அவர்கள் கண்டார்கள். இரவு ஒரு மணிவரை, பெண்ணின் கண் அசைவைக்கூடத் தவறவிடாத ஒருவனோடு இருந்துவிட்டு, ஐந்து மணி நேரம்கூடத் தூங்காமல் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் கணவரைப் பார்க்கிறீர்கள். எந்தக் கணவராக இருந்தாலும் அந்தக் காலையில் தோற்றுத்தான் போவார்.

அந்த ஹீரோவுக்கு உங்கள் கணவரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவன் பேசாமல் இருந்தாலும் அவன் மனத்துக்குள் ஓடுவதை எழுத்தாளர் உங்களுக்குச் சொல்லிவிடுகிறார். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அடுத்த வரியிலேயே, அவளைப் பார்த்தால் தன் உறுதி குலைந்துவிடும் என்று அவன் பயந்தது எழுதப்பட்டிருக்கிறது. அவன் கோபமாகக் கதவைச் சாத்துகிறான். அதற்குப் பின்னால் எவ்வளவு தவிப்பு என்று அரைப் பக்கம் வருகிறது. அவனுடைய மௌனம் உங்களுக்கு ஒருபோதும் வெறும் மௌனமாக வந்து சேர்வதில்லை. உங்கள் கணவரின் மௌனத்துக்கு அப்படி யாரும் விளக்கம் எழுதித் தருவதில்லை. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்பதோடு வரி முடிந்துவிடுகிறது. மிச்சத்தை நீங்களே நிரப்புகிறீர்கள், அலுப்போடு இருக்கும் நேரத்தில் யாரும் நல்லதாக நிரப்புவதில்லை.

இதே காரணத்தால்தான் எனக்கு ஒருவகைக் கதைகள் மேல் வருத்தம் உண்டு. ஹீரோ அவளைப் பின்தொடர்வான், கையை முறுக்குவான், வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடமாட்டான், கடைசியில் அத்தனையும் காதலால்தான் என்று ஆகிவிடும். அவன் ஆபத்தில்லாதவன் என்று வாசகிக்குத் தெரியும், அவன் மனத்தை எழுத்தாளர் திறந்து காட்டிவிட்டார். நிஜத்தில் அப்படி ஓர் ஆணின் மனத்தைத் திறந்து காட்ட யாரும் வருவதில்லை. நீங்கள் குறிப்பிட்ட காட்சி இந்த வகையைச் சேர்ந்ததில்லை என்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி. இருந்தாலும், நாளை உங்கள் பிள்ளைகள் இதே கதைகளைப் படிக்கும் வயதுக்கு வருவார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

காதல் கதைகளில் எப்போதும் ஒரு தடை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குடும்பப் பகை, தவறான புரிதல், ஒப்பந்தக் கல்யாணம், சொல்ல முடியாத ஒரு ரகசியம். டோரதி டென்னோவ் என்ற அமெரிக்க உளவியலாளர், காதல்வயப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசி 1979இல் ஒரு நூல் எழுதினார். ஒருவரையே எந்நேரமும் நினைத்துத் தவிக்கும் அந்த நிலைக்கு லிமரன்ஸ் என்று பெயர் வைத்தவர் அவர்தான். நம்பிக்கையும் நிச்சயமின்மையும் சேர்ந்திருக்கும்வரைதான் அந்தத் தவிப்பு கொழுந்துவிடும் என்பது அவர் கண்டது. கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வி தீர்ந்ததும் அது தணிகிறது. தொடர்கதை எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் தடையை நீட்டுகிறார்கள், இருவரும் சேர்ந்ததும் கதையை முடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் 11 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. படபடப்பு இல்லாததை அன்பே இல்லாததாக எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நீங்களே அநியாயம் செய்துகொள்கிறீர்கள்.

இப்படிச் சொல்வதால், "கதை வேறு, வாழ்க்கை வேறு, போய் வேலையைப் பாருங்கள்" என்று நான் அனுப்பிவைப்பதாக நினைக்க வேண்டாம். நீங்கள் திரும்பத் திரும்பப் படிக்கும் அந்தக் காட்சி இருக்கிறதே, அதை நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். அதில் முத்தம் இல்லை, பரிசு இல்லை, யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. பாதியில் நின்றுபோன ஒரு பேச்சை ஒருவன் ஞாபகம் வைத்திருந்து, மிச்சத்தைக் கேட்கிறான். கதை முழுக்க எத்தனையோ காட்சிகள் இருக்க, உங்கள் கை இந்த ஒன்றைத் தேடிப்போகிறது. ஆசைக்கும் ஆடம்பரத்துக்கும் ஏங்கும் மனம் இந்தப் பக்கத்தில் இத்தனை முறை நிற்காது. நீங்கள் சொல்ல வந்ததைக் கடைசிவரை கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் உங்கள் ஏக்கம். 36 வயதில், இரண்டு குழந்தைகளுக்கும் வேலைக்கும் நடுவில், எத்தனை வாக்கியங்களைப் பாதியில் விட்டிருப்பீர்கள்? யாராவது திரும்பி வந்து கேட்டார்களா? கதை அந்த ஏக்கத்தை உண்டாக்கவில்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அதனால்தான் கதையை மட்டும் நிறுத்திப் பயன் இல்லை என்கிறேன். நிறுத்தினால் ஏக்கம் போகாது, அதன் பெயர்தான் தெரியாமல் போகும்.

ஆகவே படியுங்கள். ஆனால் நேரத்தை மாற்றுங்கள். தூக்கம் குறைந்த மறுநாள் யாருக்கும் பொறுமை குறையும். உங்கள் எரிச்சலில் கதையின் பங்கு எவ்வளவு, தூக்கமின்மையின் பங்கு எவ்வளவு என்று இப்போது உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மறுநாள் காலை எரிச்சல் எப்படி இருந்தது. படித்தும் சீக்கிரம் தூங்கிய நாள்கள், படிக்காமலே தாமதமாகத் தூங்கிய நாள்கள் இரண்டும் அதில் இருக்கட்டும். இன்னொரு யோசனை: அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்த முயலாதீர்கள். அந்த இடம் உங்களை அடுத்ததற்கு இழுப்பதற்கென்றே எழுதப்பட்டது. அத்தியாயத்தின் நடுவில், இருவரும் சும்மா பேசிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பத்தியில் போனை வைத்துவிடுங்கள், எளிதாக இருக்கும். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். பாட்டையும் படுக்கையில் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்காமல், பகலில் வேலை செய்துகொண்டே வீட்டில் ஒலிக்க விடுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

அடுத்து, கணவரிடம் பேசுவது. அவர் சிரித்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது உங்களைக் காயப்படுத்தியது, அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு இளக்காரமா, மனைவி அழுவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாத தடுமாற்றமா என்று எனக்கும் தெரியாது, இப்போதைக்கு உங்களுக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

இரவில் வேண்டாம், கதையை மூடிய கையோடும் வேண்டாம். இருவரும் அவசரத்தில் இல்லாத ஒரு பகல் பொழுதைப் பாருங்கள். "அந்தக் கதையில வர்றவன் மாதிரி நீங்க ஏன் இல்ல" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. இப்படித் தொடங்கலாம்: "அன்னைக்கு நான் அழுதப்போ நீங்க சிரிச்சது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நான் எதுக்கு அழுதேன்னு சொல்லட்டுமா? ரெண்டு நிமிஷம்தான்." பிறகு அந்தக் காட்சியைப் படித்துக் காட்டுங்கள், நீங்களே, உங்கள் குரலில். படித்து முடித்துவிட்டு, "இப்படி என்கிட்ட யாராவது கேட்கணும்னு ரொம்ப நாளா ஆசையா இருக்கு" என்று சொல்லுங்கள். "நீங்க கேட்டா நல்லா இருக்கும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை அவரே புரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தால் மறுபடி அவரைக் கதைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். அங்கேதான் சொல்லாமலே எல்லாம் புரியும்.

அதோடு நின்றுவிடாமல், அவரிடமும் ஒன்றைக் கேளுங்கள். 11 ஆண்டுகளில் அவரும் எதையாவது சொல்ல வந்து பாதியில் விட்டிருப்பார். ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளர் 1997இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒருவரையொருவர் அறியாதவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மேலோட்டமாகத் தொடங்கி மெல்ல ஆழமாகப் போகும் 36 கேள்விகளை மாறிமாறிக் கேட்டுக்கொள்ளச் செய்தார். முக்கால் மணி நேரத்தில், சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்களுக்கிடையே நெருக்கம் கூடியிருந்தது. அதில் இரண்டு அம்சங்களைத்தான் நான் தம்பதிகளுக்கு எடுத்துச் சொல்வேன்: இருவரும் பதில் சொல்ல வேண்டும், சின்னக் கேள்வியில் தொடங்க வேண்டும். "உங்க வேலையில இப்போ ரொம்பக் கடுப்பேத்துறது எது?" போதும். அதற்கு அவர் சொல்லும் பதிலை ஞாபகம் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து, "அது என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த ஹீரோ செய்ததை நீங்கள் முதலில் செய்கிறீர்கள். ஏன் எப்போதும் நான்தான் முதலில் என்று உங்களுக்குக் கோபம் வரலாம், நியாயம்தான். ஆனால் இந்த வீட்டில் ஏக்கம் என்னவென்று கண்டுபிடித்துவிட்டவர் இப்போதைக்கு நீங்கள் ஒருவர்தான்.

அவர் முதல் தடவை மழுப்பலாம், மறுபடி சிரிக்கலாம். மனம் உடைந்து உடனே போனை எடுத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை, இன்னும் சுருக்கமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்று, நான்கு முயற்சிகளுக்குப் பிறகும் அவர் உங்கள் பேச்சைத் தட்டிக்கழித்தாலோ, ஏளனம் செய்தாலோ, அது கதைப் பழக்கத்தைப் பற்றிய விஷயம் இல்லை, உங்கள் இருவரைப் பற்றிய விஷயம். அப்போது ஒரு தம்பதி ஆலோசகரிடம் சேர்ந்து போவது நல்லது. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம்.

தனியாக உதவி தேட வேண்டிய நிலைமைகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கதை படிக்காத நேரத்திலும் மனம் அதற்குள்ளேயே பல மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்து, வேலையும் பிள்ளைகளும் கைவிட்டுப் போகிறார்கள் என்றால் கவனிக்க வேண்டும். எலி சோமர் என்ற இஸ்ரேல் உளவியலாளர் 2002இல் இத்தகைய கட்டுக்கடங்காத பகற்கனவைப் பற்றி எழுதினார். அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இன்னும் சேரவில்லை, ஆனால் அதனால் தவிப்பவர்களுக்கு உதவி உண்டு. பாட்டும் கதையும் இல்லாத நேரத்திலும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தே கிடந்து, முன்பு பிடித்தவை பிடிக்காமல், பசியோ தூக்கமோ கெட்டுப்போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை. இரண்டு வாரக் குறிப்புத்தாளில் வேறு ஏதாவது தெரிந்தால் அதோடு சேர்த்து மீண்டும் எழுதுங்கள், பார்க்கலாம்.